வாசலில்லாத தீவு

மத்தியானம் மூன்று மணி சுமாருக்குத் தீவில் இறங்கினோம். நானும் என் பாத்திரங்களும் ஓடத்தில். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் ஐந்து பேரும் அவர்களுக்கு வழிகாட்டும் ஒனலென்னாவும் குதிரையில். ஓடக்கார ஒட்டெங் கழியை ஊன்றி நிறுத்தும்போதே, கோரைக்காட்டைப் பிளந்துகொண்டு குதிரைகள் வயிறு நனையத் தண்ணீரில் நடந்து வந்தன. ஈரக் குதிரை வாசனை, மிதிபட்ட காட்டுத்துளசி, அல்லிக்கிழங்கின் சேற்று நாற்றம். அக்கரையில் யானைக் கூட்டமொன்று மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். இந்த ஒக்கவாங்கோ ஆற்றுச் சதுப்பில் பதினோரு வருஷம் சமைத்தவளுக்கு யானை என்ன, மாடு மாதிரிதான். நான் அடுப்பை மூட்டிவிட்டு ஒனலென்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்காமல் எப்படி இருப்பது? என் பக்கத்து வீட்டுக்காரி அவள்; எங்களுக்கு ஒனா. நடுவில் ஒரு கம்பு வேலிதான்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் புருஷன் டிட்டிரோ இந்தத் தீவுக்குப் பின்னால் இருக்கிற ஆழக் கால்வாயில் காணாமல் போனான். ஊரிலேயே கெட்டிக்கார ஓடக்காரன். ஓடம் கிடைத்தது, கவிழாமல், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். ஆள் கிடைக்கவில்லை. முதலை என்றார்கள், நீர்யானை என்றார்கள். புருஷனை இழந்தவள் ஒரு வருஷம் கறுப்பு உடுத்தி வீட்டோடு கிடக்க வேண்டும். ஒனா மாட்டேன் என்றாள். உடம்பே கிடைக்காமல் நான் எப்படி விதவை என்றாள். போதாக்குறைக்குக் குதிரைச் சவாரிக்கு வழிகாட்டும் தன் வேலைக்கே திரும்பி, இந்தப் பயணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று ஊருக்கே தெரியும். உயிரோடோ எலும்பாகவோ அவனை வீட்டுக்குக் கொண்டுபோக. குழாயடியில் இதைச் சொல்லி நான் கொஞ்சம் சிரித்தேன்தான், மறைப்பானேன்.

"தூசோம்மா, என் முதுகுல என்ன எழுதியிருக்கு? வந்ததுலேர்ந்து படிச்சிட்டே இருக்கீங்க," என்றாள் ஒனா, தன் பெண்குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

"கறுப்புச் சட்டையா இருந்தா இவ்வளவு அழுக்கு தெரியாதேன்னு பார்த்தேன்டி."

"அடுப்பைப் பாரும்மா," என்றான் ஒட்டெங். "உன் வாய்தான் எரியுது, அது எரியல."

வெள்ளைக்காரர்கள் நிழல் தேடிப் படுத்துவிட்டார்கள். நான் கோரைக்காட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டி மாவு பிசைய ஆரம்பித்தேன். பகல் வெயிலில் பூச்சிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன.

சட்டென்று நின்றன.

"கோ கோ!"

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று இப்படித்தான் குரல் கொடுப்போம். உள்ளேயிருந்து "வாங்க" என்று பதில் வந்தபிறகுதான் காலை எடுத்து வைப்போம். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். அந்தக் குரல் கேட்டால் தூக்கத்திலும் வாய் தானாகத் திறக்கும்.

என் வாயும் திறந்தது.

"வாங்க, உள்ள வாங்க!" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒட்டெங் என்னையே பார்த்தான். "யாரைக் கூப்பிட்ட?"

"வாசல்ல யாரோ..."

"வாசலா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "ம்மா, இது தீவு."

திரும்பினேன். என் பின்னால் கோரையும், அதற்கு அப்பால் அந்த ஆழக் கால்வாயும்தான். மனுஷன் நிற்க ஒரு அடி நிலம் இல்லை.

மணலில் ஈரக் கால்தடங்கள். தண்ணீரிலிருந்து ஏறி, அடுப்பைச் சுற்றிக்கொண்டு, நேராகக் குதிரைகளிடம் போயின. நான் பார்க்கப் பார்க்கக் கடைசித் தடத்துக்கு முன்னால் இன்னொன்று பதிந்தது.

ஐந்து குதிரைகள் கயிற்றை இழுத்துப் பின்வாங்கின. ஒனாவின் குதிரை மட்டும் தலையைத் தாழ்த்தி, யாரோ நெற்றியைத் தடவுவது போலக் கண்ணை மூடிக்கொண்டது.

"டிட்டிரோ," என்றாள் ஒனா.

"பேரைச் சொல்லாத," என்று கிசுகிசுத்தான் ஒட்டெங்.

தடங்கள் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கின. ஒனா குதிரைமேல் தாவி ஏறினாள். ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன்; கையெல்லாம் மாவு.

"போகாதடி. அது அவன் இல்லடி."

"மூணு வாரம் இந்தத் தண்ணியைப் பார்த்துக் கத்தினேன், தூசோம்மா. எனக்கு வரல. நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் வந்துட்டான்." சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு. "ஊர்ல உங்க பேச்சுக்குத்தான் மரியாதை. கையை எடுங்க."

குதிரை நீந்தியது. கோரை அவள் பின்னால் மூடிக்கொண்டது.

நானும் ஒட்டெங்கும் ஓடத்தில் பின்தொடர்ந்தோம். கால்வாய் வாயில் அவன் ஊன்றிய கழி சேற்றில் சிக்கியது. சிக்கினால் கழியை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஓடம் நழுவி ஆள் தொங்குவான். ஒட்டெங் விட்டான். ஆளுயரத்துக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நின்ற கழி அசையாமல் நின்றது.

பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

ஒரு முழம். இன்னொரு முழம். நுனியும் மறைந்தது. குமிழிகூட வரவில்லை.

கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி நான் அலறினேன். "ஒனா! வாடி! நான் இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன், வந்துடுடி!"

கோரைக்கு அந்தப்பக்கம் அவள் பேசுவது கேட்டது. ஏதோ கேட்பாள். கொஞ்ச நேரம் நிசப்தம். "சரி" என்பாள். மறுபடி நிசப்தம்.

குதிரை வெளியே வந்தபோது அதன் முழங்கால்கள் நடுங்கின, பாரம் தாங்காத குதிரை மாதிரி. ஒனா சேணத்தில் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு ஆளுக்கு இடம். அந்த இடத்திலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. அவள் சட்டை காய்ந்திருந்தது, இடுப்பைச் சுற்றி மட்டும் ஈரம். இரண்டு கைகள் கட்டிப் பிடித்தால் எங்கே நனையுமோ அங்கே.

"கிளம்பலாம்," என்றாள்.

வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, நீந்தினீர்களே, தண்ணீர் குளிர்ந்ததா என்று விசாரித்தார். அவள் ரொம்பக் குளிர் என்றாள்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. கறுப்பு உடுத்தச் சொல்லி யாரும் இப்போது அவளிடம் கேட்பதில்லை. தெருவுக்குப் பேசச் சொல்லித்தந்த நானே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வெயில் கொளுத்துகிறது, மழை பெய்து மூன்று மாதமாயிற்று. ஆனால் தினமும் காலையில் ஒனா மெத்தையைத் தூக்கிவந்து வேலியில் உலர்த்துகிறாள். இடது பாதி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். வலது பாதி காய்ந்திருக்கும்.

இரண்டாவது வாரம் ஈரம் நடுவைத் தாண்டியது. ஒரு சாண். அப்புறம் இரண்டு சாண். ஒனா இருமத் தொடங்கினாள். இருமினால் வாயோரம் சேற்றுத் தண்ணீர்.

நேற்று என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒனா, வான்னு சொன்னவ நான். போன்னும் நானே சொல்லிடறேன்டி. ஒட்டெங்கும் அதான் சொல்றான்."

மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மெதுவாப் பேசுங்க, தூசோம்மா. அவன் தூங்குறான்." திறந்திருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "போகச் சொன்னா நானும் கூடப் போயிடுவேன். சொல்வீங்களா?"

நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பேச வேண்டிய ஒரே நேரம் அதுதான். பேசவில்லை.

இன்று காலை மெத்தை வேலியில் கிடக்கிறது. முழுவதும் நனைந்து, நாலு மூலையிலும் சொட்டிக்கொண்டு. ஒனாவின் கதவு உள்ளே தாழிட்டபடி இருக்கிறது. நாலு முறை கூப்பிட்டுவிட்டேன்.

மெத்தையைப் போட்டவர் கைவைத்த இடத்தில், கம்பில் இரண்டு ஈரக் கைத்தடங்கள். இவ்வளவு வெயிலிலும் காயவில்லை.

அவை வேலிக்கு இந்தப் பக்கம், என் பக்கம், இருக்கின்றன.