கறுப்புக் கோட்டின் மேல் ஒரு சந்தேகம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பாலை முகர்ந்து பார்க்காமல் குடிக்க மாட்டேன். அப்பா கதவைப் பூட்டிவிட்டு, "பூட்டிட்டேன்" என்று சொன்னாலும், நானும் ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்ப்பேன். அதனால் வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். பதினொரு வயதுக்குள் பட்டம் வாங்கியாயிற்று.

அப்படிப்பட்ட என்னிடம் போய், பல் பிடுங்க வேண்டும், வாயைத் திற என்றால்?

என் பால் பல் ஒன்று விழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. புதுப் பல்லோ பக்கத்தில் முட்டிக்கொண்டு முளைத்தது. இரண்டு முறை பல் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டு ஓடிவந்துவிட்டேன். பயம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பயமாவது ஒன்றாவது! சந்தேகம். அந்த இடுக்கி எனக்கு முன்னால் யார் வாயில் இருந்தது? அதை யார் கழுவினார்கள்? ஒழுங்காகக் கழுவினார்களா? நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது முறை தப்பிக்க முடியவில்லை. என் சித்தி அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்கிற வேலை. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "ஒரு மாசம் பாப்பேன். சரியா வந்தா வேலை நிரந்தரம், இல்லன்னா வேற இடம் பாத்துக்கம்மா" என்று பல் டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தாராம். இந்த வேலையாவது நிலைக்க வேண்டுமே என்று சித்தி தவியாய்த் தவித்தார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் சித்தி என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். பிடித்தார் என்றால் பிடி உடும்புப் பிடி.

"உன் சந்தேகத்தையெல்லாம் இன்னைக்கே தீத்து வைக்கிறேன். வந்து உன் கண்ணாலயே பாரு" என்றார்.

கருவி கழுவும் அறை மிகச் சின்னது. ஒரு பக்கம் தொட்டி, ஒரு மேசை, மூலையில் பெரிய எஃகு இயந்திரம், கதவோரம் ஓர் அலமாரி. சித்தி முழங்கைவரை கனமான கையுறை மாட்டினார். நீர் புகாத ஏப்ரன் கட்டினார். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி போட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க சித்தி, நிலாவுக்கா?" என்றேன்.

"வாயப் பாரு! முதல்ல ஊற வைக்கணும். அப்புறம் இப்படித் தண்ணிக்குள்ள அமுக்கி வச்சுத்தான் பிரஷ் போடணும். மேல தூக்கித் தேய்ச்சா மூஞ்சில தெறிக்கும்."

"தேய்ச்சா மட்டும் போதுமா?"

"போதாது. கண்ணுக்குத் தெரியிற அழுக்குதான் போகும். தெரியாத கிருமி சாகணும்னா வேக வைக்கணும்."

சித்தி ஓர் இடுக்கியை அலசி எடுத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் திறந்து மூடிப் பார்த்தார். "இந்த மூட்டுக்குள்ளதான் அழுக்கு ஒளிஞ்சுக்கும், கள்ளப்பய" என்றார். பிறகு துடைத்து, காயவைத்து, காகித பாக்கெட்டுக்குள் போட்டு, வாயை டேப்பால் ஒட்டினார். டேப்பில் வெளிர் நிறத்தில் சாய்வாகக் கோடுகள் இருந்தன.

"இந்தக் கோடு இப்ப வெளுத்துப்போய் இருக்கா? குக்கருக்குள்ள போய் வெந்துட்டு வந்தா கறுத்துடும். கறுத்தாத்தான் டாக்டரம்மா பாக்கெட்டைப் பிரிக்கவே விடுவாங்க."

குக்கர் என்றது அந்த எஃகு இயந்திரத்தை. அதற்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு. ஆனால் அங்கே எல்லாருக்கும் அது குக்கர்தான். உள்ளே ஒரு தட்டு நிறையக் கருவிகள் வெந்துகொண்டிருந்தன. பின்பக்கக் குழாய் வழியாக அவ்வப்போது 'புஸ்' என்று ஆவி விட்டது. வேலை முடிந்தால் மூன்று முறை 'பீப்' அடிக்குமாம்.

குக்கருக்கு நேர் மேலே சுவரில் ஒரு புதுப் பலகை இருந்தது. சித்தி அதைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"நேத்து சாயங்காலம்தான் ஆசாரி வந்து அடிச்சுக் குடுத்தாரு. நான் கேட்டு வாங்கினது. இனிமே எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல."

இதே மாதிரி ஆறு பாக்கெட்டுகளை ஒட்டி அந்தப் பலகையில் வரிசையாக வைத்தார். அடுத்த முறை குக்கருக்குள் போக வேண்டியவை அவை. டேப் சுருளையும் பக்கத்திலேயே வைத்தார்.

"இதுல எது எனக்கு?"

"அந்தச் சின்ன இடுக்கி இருக்கே, அது."

சித்தி தொட்டிப் பக்கம் திரும்பியதும் நான் பென்சிலை எடுத்து, அந்த பாக்கெட்டின் ஓரத்தில் பொடியாக ஒரு புள்ளி வைத்தேன். சித்தியையே சந்தேகப்படுகிறாயா என்று கேட்காதீர்கள். ஆமாம், பட்டேன். என் வாய், என் பல்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்து என்னைத்தான் கூப்பிட வேண்டும். எனக்குப் பிறகு ஐந்து வயதுப் பையன் ஒருவன். கன்னம் பூரி மாதிரி வீங்கியிருந்தது. அம்மா மடியில் கிடந்து கத்தோ கத்து என்று கத்தினான்.

"பாவம் ஆன்ட்டி, ரொம்ப அழறான். நீங்க முதல்ல போங்க" என்றேன்.

"எவ்வளவு நல்ல மனசு கண்ணு உனக்கு!" என்று அவர் உருகிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

சிகிச்சை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. டாக்டரம்மா பையனுக்கு ஊசி போட்டார். "கொஞ்ச நேரம் ஆகட்டும், நல்லா மரத்துப் போகட்டும்" என்றார். உதவிக்கு இருக்கும் அக்கா ஒரு தட்டில் மூன்று பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்.

எட்டிப் பார்த்தேன். நடு பாக்கெட்டின் ஓரத்தில் என் புள்ளி! டேப்பில் கோடுகள் கறுத்திருந்தன.

அப்பாடா, வெந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடியே கழுவும் அறைப் பக்கம் காதைத் தீட்டினேன். குக்கர் இன்னும் 'பீப்' அடிக்கவே இல்லையே! அடித்திருந்தால் பெஞ்சுவரை கேட்டிருக்குமே! முதல் தட்டே வெந்து முடியவில்லை. இது எப்போது உள்ளே போய், எப்போது வெளியே வந்தது?

எனக்கு அந்த அக்கா மேல் சந்தேகம் வந்தது. நேரமில்லை என்று ஸ்கெட்ச் பேனாவால் கோட்டைக் கறுப்பாக்கிவிட்டாரோ? மெல்ல உள்ளே போய், விரலை எச்சில் பண்ணி, டேப்பைத் தேய்க்க நீட்டினேன்.

"ஏய்! தட்டுல கை வைக்காத! வெளிய போ!" என்று அக்கா விரட்டினார்.

கிட்டத்தில் பார்த்ததே போதும். அது பேனா மை இல்லை. ஒரே ஓட்டமாகச் சித்தியிடம் ஓடினேன்.

"சித்தி, என் பாக்கெட் வேகாமலே அங்க போயிருக்கு!"

"ஆரம்பிச்சுட்டியா? பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. எதுக்குடி கதை கட்டற?"

"பயமெல்லாம் இல்ல! இங்க பாருங்க சித்தி!"

குக்கரின் சின்னத் திரையில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. பலகையில் ஆறு பாக்கெட்டுகள் இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தன. அந்த மூன்றிலும் கோடுகள் கறுத்திருந்தன. சித்தி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஒட்டும்போது வெளுப்பாத்தானே இருந்துச்சு..."

பக்கத்தில் டேப் சுருள் இருந்தது. அதன் மேல் சுற்றும் கறுத்திருந்தது. அதை எடுத்துச் சித்தி மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இந்தச் சுருள் குக்கருக்குள்ள போச்சா?"

"டேப்பு எதுக்குடி உள்ள போகுது?"

"அப்ப இது எப்படிக் கறுத்துச்சு?"

சித்தி பதில் சொல்வதற்குள் குக்கரே பதில் சொன்னது. 'புஸ்' என்று ஆவி கிளம்பி நேராகப் பலகையில் மோதி, மேலே சுருண்டு பாக்கெட்டுகளைச் சூழ்ந்தது. பலகையின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டியது. எத்தனை முறை இப்படி ஆவி பட்டதோ, பாவம் அந்தக் கோடுகள், உள்ளே போகாமலே கறுத்துவிட்டன.

சித்தியின் முகம் செத்துப்போனது. கண்கள் கதவைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. வேலை போய்விடும் என்ற பயம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒருவேளை ஏதாவது சாக்குச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் அந்த பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்து வந்துவிடுவாரோ? இல்லை, பேசாமல் இருந்துவிடுவாரோ? என் சித்தி மேலேயே எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்தது. வந்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபமும் வந்தது. அழுகை முட்டியது.

"நான் போய்க் கத்தட்டுமா சித்தி? பல்லுக்குப் பயந்து கலாட்டா பண்றேன்னு நினைச்சுப்பாங்க. எப்படியும் என்னை அப்படித்தான் நினைக்கிறாங்க. உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். கையுறைகளைக் கழற்றித் தொட்டி ஓரத்தில் போட்டார்.

"வேணாம்டி கண்ணு. பலகை நான் அடிக்கச் சொன்னது. நான்தான் போய்ச் சொல்லணும்."

நடந்தார் என்று சொல்ல முடியாது, பறந்தார். பின்னாலேயே சுருளோடு நானும் ஓடினேன். அங்கே அக்கா பாக்கெட்டின் நுனியைப் பிடித்துப் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"பிரிக்காதீங்க!" என்று சித்தி கத்தினார்.

அறையே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார்.

"என்னம்மா?"

"அது... அது இன்னும் வேகல டாக்டரம்மா."

"கோடு கறுத்திருக்கே?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா முகத்திலும் இப்போது சந்தேகம் தெரிந்தது. சந்தேகப்படுகிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா! நான் சுருளை உயர்த்திக் காட்டினேன்.

"இது குக்கருக்குள்ள போகவே இல்ல டாக்டரம்மா. ஆனா கறுத்திருக்கு. கோடு பொய் சொல்லுது."

டாக்டரம்மா எழுந்து கழுவும் அறைக்கு வந்தார். பலகையின் அடியில் கை வைத்துப் பார்த்தார். ஈரக் கையைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"இன்னைக்கு வேற யாருக்காவது இந்தப் பலகையிலேருந்து எடுத்தியா?"

"இல்ல டாக்டரம்மா, இப்பத்தான், இவங்க தொட்டிப் பக்கம் திரும்பிக் கழுவிக்கிட்டு இருந்தப்ப. வெந்ததை எப்பவும் அலமாரியிலதான் எடுப்பேன். அது காலியா இருந்துச்சு. கோடு கறுப்பா இருக்கவும் வெந்ததுதான்னு நினைச்சுட்டேன்" என்றார் அக்கா. அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா அதையும் நம்பவில்லை. சித்தியின் நோட்டை வாங்கி, காலையிலிருந்து எந்தெந்த பாக்கெட் எத்தனை மணிக்கு வெந்தது என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு டாக்டரம்மாவை மிகவும் பிடித்துப்போனது.

பையனின் அம்மாவிடம் அவரே போய் நடந்ததைச் சொன்னார். "குக்கர்ல இன்னொரு சின்ன இடுக்கி இருக்கு. வெந்து ஆறினதும் பிடுங்கிடலாம்" என்றார். பையன் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. மரத்துப்போன உதட்டைத் தடவித் தடவி, "அம்மா, என் வாயி காணாப் போச்சு!" என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

சித்தி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"காலைல எட்டு மணிக்கு உன்னால வர முடியுமா?"

"நாளைக்கா? எதுக்கு டாக்டரம்மா?"

"ஆசாரியை வரச் சொல்றேன். பலகையை எங்க மாத்தணும்னு நீதானே சொல்லணும்? இனிமே ஒவ்வொரு பாக்கெட்டுக்கு உள்ளயும் ஒரு சோதனைத் தாள் போட்டுடுவோம். அதையும் நீதான் பாத்துக்கணும்."

சித்தி சரி சரி என்று எத்தனை முறை தலையாட்டினார் என்று நான் எண்ணவில்லை.

பையன் பல் போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். பலகையில் இருந்தவை, தட்டில் இருந்தவை என்று ஆறு பாக்கெட்டுகளுக்கும் புது டேப் ஒட்டி, சித்தி குக்கரில் ஏற்றினார். நான் ஸ்டூல் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். மூன்று 'பீப்'பும் என் காதாலேயே கேட்டேன்.

பிறகு நாற்காலியில் ஏறினேன். ஊசி போட்டார்கள். கன்னம் மரத்தது. டாக்டரம்மா பாக்கெட்டை எடுத்தவர் பிரிக்கவில்லை. என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"மேடம் பாத்துச் சொல்லுங்க. பிரிக்கலாமா?"

கிண்டல் செய்கிறாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். அக்கா காத்திருந்தார். சித்தி காத்திருந்தார். நான் முன்பக்கம், பின்பக்கம், ஓரம், மூலை எல்லாவற்றையும் பார்த்தேன்.

"ம், பிரிக்கலாம்" என்றேன் கம்பீரமாக.

அது என் பல்லைப் பிடுங்குவதற்கு என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் வாயைத் திறந்துவிட்டேன்.