துரைக்கு வெயில் வேண்டும்

"கண்ணு திறக்க மாட்டேங்குது டாக்டர்... கொஞ்சம் பாருங்களேன்!"

மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்தவன், நெஞ்சோடு அணைத்து வந்த சப்பாத்துப் பெட்டியை மேசைமேல் மெதுவாக வைத்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பெட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஆர்த்திகா நிமிர்ந்தாள். ஈப்போவில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து நான்கு வருடமாகிறது. கண் பரிசோதிப்பதும் அவள்தான்.

"யாருக்குக் கண்ணு திறக்கல?"

"துரைக்கு."

"அவர் எங்க?"

அவன் மூடியைத் திறந்தான். உள்ளே, ஒரு குச்சியைப் பிடித்தபடி, தலையில் கொண்டை வைத்த பச்சோந்தி ஒன்று!

ஆர்த்திகாவின் நாற்காலி தானாகப் பின்னால் போனது. "அலாமாக்! இது மனுஷங்களுக்குக் கண்ணு பாக்குற கடை லா!"

"போர்டுல கண் பரிசோதனைன்னுதானே போட்டிருக்கு? யாரு கண்ணுன்னு போடலையே..."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்து அடக்கினாள். அவன் இமைகளில் மழைத்துளி நின்றது. பல நாள் தூங்காத கண்கள்... ஆனாலும் என்ன ஒரு கெஞ்சல் அதில்!

"மிருக வைத்தியர்கிட்ட காட்டலையா?"

"காட்டினேன். நாய், பூனைன்னா பாப்பாராம். இது தெரியாதாம்."

அவள் குனிந்து பார்த்தாள். நிறம் மங்கியிருந்தது. முன்னங்கால் லேசாக வளைந்திருந்தது. பட்டப்பகலில் இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

"வீட்ல எதுல வச்சிருக்கீங்க?"

"கண்ணாடித் தொட்டியில. மேலயும் கண்ணாடி மூடி. அதுக்கு மேல தகரக் குடை போட்ட வெயில் விளக்கு."

அவளுக்குப் புரிந்துபோயிற்று. "நல்ல கதை! அந்த விளக்குல வர்ற புற ஊதாக் கதிர் மேல பட்டாத்தான் இதுக்கு எலும்பு நிக்கும். கண்ணாடி அதைத் தடுத்திரும். அதைச் சொல்லித்தானே நான் தினமும் கண்ணாடி விக்கிறேன்! முதல்ல மூடிய எடுங்க. வலைக்கூண்டா வாங்குங்க."

"மூடிய எடுக்க முடியாது டாக்டர்." அவன் குரல் தாழ்ந்தது. "மூடியோடவே... வேற வழி இல்லையா?"

"ஒரு உசுர விட உங்களுக்குத் தொட்டி அழகு பெருசா? அப்ப ஒரு பிளாஸ்டிக் பொம்மைய வாங்கி வச்சிருக்கலாமே!"

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் சட்டென்று அணைந்தது. பெட்டியை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி மழைக்குள் இறங்கிவிட்டான்.

"ரொம்பத் திட்டிட்டீங்க அக்கா," என்றாள் முன்மேசையில் இருந்த நூருல் ஹுதா. வழக்கம்போல் அவனிடம் பெயரும் நம்பரும் அவள்தான் கேட்டு வைத்திருந்தாள். பெயர் கவியரசன். ஊர் லகாட். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறானாம்.

மறுநாள் முழுவதும் அந்தக் கண்கள் ஆர்த்திகாவை விடவில்லை... பச்சோந்தியின் கண்களா, அவனுடைய கண்களா? அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டு, ஊர்வன பார்க்கும் வைத்தியர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவனுக்குப் போன் செய்தாள்.

எடுத்தது ஒரு பெண் குரல். "அண்ணன் கை கழுவப் போயிருக்காரு. நீங்கதான் அந்தக் கண்ணு டாக்டரா? ஒரு வாட்டி வீட்டுக்கு வாங்களேன் அக்கா, துரைய நேருல பாக்கலாம்!"

ஞாயிற்றுக்கிழமை போனாள். லகாட்டைத் தாண்டி, ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனைத் தோட்டமாக மாறிய இடத்தில், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய ஒரு பழைய லயத்து வீடு. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே ஒரே இருட்டு. தடித்த திரைகள், ஏர்கோனின் இரைச்சல். கட்டிலில் ஒரு பெண், முழுக்கைச் சட்டையோடு சாய்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். மூக்கின் இருபக்கமும் கன்னங்களில், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் சிவப்புத் தடிப்பு.

ஆர்த்திகாவின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. இந்தச் சிவப்பை அவள் அறிவாள். லூபஸ் நோயாளிகள் கண் பரிசோதனைக்கு அவளிடம் வருவதுண்டு. சொந்த உடம்பே உடம்பைத் தாக்கும் நோய். புற ஊதாக் கதிர் பட்டால் கிளர்ந்துவிடும்.

"என் பேரு தினேஸ்வரி," என்று அந்தப் பெண் சிரித்தாள். "பகலுக்கே ராணி. ஆனா பகல்தான் ஆகாது! துரை என் கூடவே இருக்கணும்னு நான்தான் அடம் பிடிச்சேன். அந்த விளக்கு என் மேல படக்கூடாதுன்னு அண்ணன் கண்ணாடி போட்டு மூடிட்டாரு."

கதவோரம் கவியரசன் நின்றான். ஆர்த்திகாவால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தெரியாமப் பேசிட்டேன்... மன்னிச்சிருங்க."

"நீங்க சொன்னது சரிதானே டாக்டர். மூடிய எடுத்தா இவ படுத்திருவா. எடுக்கலன்னா அவன் செத்திருவான். எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். தினேஸ்வரியின் கட்டிலுக்கு எதிரே, சமையலறைக்குள் திறக்கும் ஒரு பழைய சன்னல் இருந்தது. அவளுக்குள் ஏதோ பளிச்சிட்டது.

"கண்ணாடிய எடுக்க வேண்டாம். இடம் மாத்தினாப் போதும். துரைக்கும் விளக்குக்கும் நடுவுல வேண்டாம்... துரைக்கும் தங்கச்சிக்கும் நடுவுல வைப்போம்!"

அடுத்த வாரமே சன்னலுக்குக் கனத்த கண்ணாடி வந்தது. கதிரைத் தடுக்கும் படலத்தை ஆர்த்திகாவே அதில் ஒட்டினாள். அந்தப் பக்கம் வலைக்கூண்டு, செம்பருத்திச் செடி, கிளைக்கு மேலே விளக்கு. அந்த ஊர்வன வைத்தியர் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மருந்தைத் துரை முகம் சுளித்துக்கொண்டு விழுங்கினான்.

இத்தனை நாள் அந்த அறையின் ஏர்கோன், காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்திருந்தது. இனிக் காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளிக்க வேண்டும். நடுவே நன்றாகக் காய வேண்டும். எந்நேரமும் நசநசவென்று இருந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும். கிண்ணத்தில் வைத்தால் துரை சீண்டமாட்டான். இலை நுனியில் தொங்கும் துளியைத்தான் குடிப்பான்.

"அண்ணே, இலைக்குத் தெளிக்கச் சொன்னா அக்கா மேல தெளிக்கிறீங்க!" கண்ணாடிக்கு அப்பால் கட்டிலிலிருந்து தினேஸ்வரியின் அதிகாரம் பறக்கும்.

"கை தவறிடுச்சு லா..."

"வாராவாரம் தவறுது!"

ஒரு ஞாயிறு, துரை கண் திறந்தான். ஒரு கண் கவியரசனைப் பார்த்தது. மற்றது ஆர்த்திகாவின் பக்கம் உருண்டது. தினேஸ்வரி கைதட்டினாள். "எனக்கும் அப்படி ரெண்டு கண்ணு இருந்தா, யாரு முதல்ல சிவக்கிறாங்கன்னு ஒரே நேரத்துல பாத்திருப்பேன்!"

இருவருமே சிவந்துதான் போனார்கள்.

ஆர்த்திகாவின் அம்மா தவமணி யாழ்ப்பாணப் பரம்பரை, ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளின் ஞாயிறுகள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியவர வெகுநாளாகவில்லை. ஒருநாள் துரையின் மருந்தை வாங்கிப் போகக் கடைக்கு வந்த கவியரசனைப் பார்த்து, மிகவும் மரியாதையாகவே கேட்டார். "தம்பி, உம்மட பச்சோந்திக்குச் சுகமாகிட்டுதுதானே? பிறகு என்னத்துக்கு என்ர பிள்ளை உங்கட வீட்டுக்கு வரவேணும்? வருத்தக்காரப் பிள்ளையப் பாக்க ஆள் தேவையெண்டால், சம்பளத்துக்கு எத்தினை பேர் கிடைப்பினம்."

ஆர்த்திகா உள்ளறையிலிருந்து ஓடி வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். மாலையில் ஒரு செய்தி வந்தது. 'துரை நல்லா இருக்கான். இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் டாக்டர்.'

சிரமமா...? இத்தனை ஞாயிறுகளும் சிரமமாகவா தெரிந்தது அவனுக்கு? அவளுக்கும் ரோசம் வந்தது. அவனே கூப்பிடட்டும் என்று இருந்தாள். ஒரு ஞாயிறு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. போனைப் பார்ப்பதும் வைப்பதுமாகவே ஒரு மாதம் போயிற்று.

பிறகு அவன் செய்தி வந்தது. மூன்றே சொல். 'தினேஸ் போயிட்டா டாக்டர்.'

நோய் சிறுநீரகத்துக்கு இறங்கியிருந்ததாம். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தாளாம். ஆர்த்திகா சாவு வீட்டுக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றாள். திரைகளையெல்லாம் யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தில் வெயில் விழுவதை அவள் இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். 'என் ரோசத்துக்காக இவளைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே...' கவியரசன் தலை தூக்கவேயில்லை.

காரியம் முடிந்து சில நாளில் அவன் கடைக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையில் வலைக்கூண்டு, தோளில் ஒரு பை.

"விளக்கு, தண்ணி அடிக்கிற போத்தல், மருந்து... எல்லாம் இருக்கு. நீங்களே துரைய வச்சுக்குங்க டாக்டர். என்னால அந்தச் சன்னலப் பாக்க முடியல."

"முடியாது," என்றாள் ஆர்த்திகா.

அவன் திகைத்தான்.

"துரை இங்க வந்துட்டா... நான் எதச் சொல்லி உங்க வீட்டுக்கு வர்றது?"

நூருல் ஹுதா ஓசைப்படாமல் எழுந்து உள்ளே போனாள்.

"உங்க அம்மா கேட்டது நியாயந்தானே..." அவன் கூண்டைப் பார்த்தே பேசினான். "நீங்க பரிதாபப்பட்டு வர்றீங்கன்னு நினைச்சேன்."

"முதல் ஞாயிறு பரிதாபம்தான். ரெண்டாவது ஞாயிறு, போட்டுக்கிட்டு வர்றதுக்கு நாலு சட்டைய மாத்தினேன் கவி. பரிதாபத்துக்கு யாராவது சட்டை மாத்துவாங்களா?" அவள் மேசையைச் சுற்றி அவன் பக்கம் வந்தாள். "நான் வந்திருக்கணும். நீங்க வேண்டாம்னாலும் வந்திருக்கணும். தினேஸ் என்னைக் கேட்டாளா?"

"கேட்டா." கூண்டின் வலையை விரலால் தடவினான். "அக்காவக் கூப்பிடுங்கண்ணேன்னு ரெண்டு வாட்டி கேட்டா. நான் கூப்பிடல. அவ அங்க வலியில கிடக்கிறா... நான் உங்க குரலக் கேட்டா சந்தோஷப்படுவேன். அது அவளுக்குப் பண்ற துரோகம் மாதிரி இருந்துச்சு. எனக்கு உங்கள அவ்வளவு புடிக்கும் ஆர்த்திகா."

சொல்லிவிட்டு அழுதான். சாவு வீட்டில் அழாதவன், மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டாள். அவளும் அழுதாள்.

பிறகு போனை எடுத்தாள். "அம்மா, நான் லகாட்டுக்குப் போறன். கவியின்ர வீட்டுக்கு. ஓம்... அந்தக் கவிதான். நான் அவரைத்தான் கட்டப்போறன். நீங்கள் கோவிக்கலாம், ஆனா நான் போகத்தான் போறன்."

அந்தப் பக்கம் தவமணி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிறகு கதைக்கிறன் அம்மா," என்று வைத்தாள்.

கவியரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். "வீட்ல ஒரு சத்தமும் இல்ல ஆர்த்திகா. வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கட்டும்," என்றாள் அவள், கூண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கியபடி. "ரெண்டு பேரா இருந்து கஷ்டப்படுவோம்."