உள்ளே நின்று கட்டிய சுவர்

புதிதாகக் குடிவந்த வீட்டில், மாடிப்படிக்கு அடியில் நிலவறை வாசலை அடைத்திருந்த செங்கல் சுவரைப் பார்த்ததுமே கொத்தனாரம்மாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பிதுங்கிய கலவையை யாரும் வழித்துவிடாமல், அது அப்படியே வழிந்து, கட்டி கட்டியாகக் காய்ந்து, தொட்டால் தோலைக் கிழிக்கும்போலத் துருத்திக்கொண்டு நின்றது. சித்தாளாகக் கல் சுமந்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, அப்புறம் கொத்துக்கரண்டி பிடித்தவள் அவள். இந்த லட்சணத்தில் கட்டிவிட்டு எவன் கையைக் கழுவிக்கொண்டு போனானோ என்று முணுமுணுத்தபடி உளியை வைத்தாள்.

காலையில் தம்பி ஃபோனில் கெஞ்சியிருந்தான். "அக்கா, அத விட்டுரேன். நெலவறைன்னா தானியம் கொட்டி வைப்பாங்க, சண்டை வந்தா ஒளிஞ்சுக்குவாங்க. செங்கல் வச்சு அடைச்சிருக்காங்கன்னா சும்மாவா?"

"புருஷன் வீட்ட விட்டேன். உன் வீட்டயும் விட்டேன். இங்கயும் ஒரு மூலைய விடணுமாடா? என் சாமான் வைக்க எடம் வேணும்."

நல்ல வெயில் நேரம். கூடத்தில் மகள் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். உளிச் சத்தத்துக்கு நடுநடுவே அந்தக் கீச்சுக்குரல் தெம்பாகத்தான் இருந்தது. முதல் கல் உள்ளே விழுந்தது. ஓட்டை வழியாகக் கையை விட்டு மறுபக்கத்தைத் தடவியவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே கலவை வழித்து, விரலால் நீவி, வழவழவென்று இருந்தது.

கட்டுகிறவர் நிற்கிற பக்கம்தான் அப்படி இருக்கும்.

வெளியிலிருந்து அடைத்தால் சிறை. உள்ளே நின்று அடைத்துக்கொண்டால்? இந்த வீட்டில் எதற்குப் பயந்து ஒருவர் அப்படி ஒளிய வேண்டும்? அந்த நிமிஷமே மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் பயந்து ஓடிப்போய் நிற்க இனி அவளுக்கு ஒரு வீடும் பாக்கி இல்லை. சுத்தியலை ஓங்கினாள்.

ஆள் நுழையும் அளவுக்கு இடித்துவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஈரச் சுண்ணாம்பு வாடை, அதற்கடியில் மக்கிய துணியின் வாடை. அலமாரியில் காலி ஜாடிகள், சுவரோரம் ஒரு பலகை. மூலையில் ஒரு சேலைக் குவியல். சேலைக்குள் எலும்பு. பக்கத்தில் துருப்பிடித்த கொத்துக்கரண்டி.

"யாரு பெத்த பொண்ணோ," என்றாள்.

திரும்பி வாசலைப் பார்த்தாள். இடிக்காமல் விட்ட கீழ் வரிசைகளில், கலவை ஈரமாக இருந்தபோதே யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்.

நான்தான் அம்மா. மேலே இருப்பது நான் இல்லை.

அப்போதுதான் மேலே படிக்கும் சத்தம் நின்றிருப்பது உறைத்தது. மகள் சிரித்தாள். யாரோ அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அது கொத்தனாரம்மாவின் குரல்.

ஓடினாள். படி. ஓட்டை. முழங்கை கிழிந்தது. கூடம்.

மகள் ஒரு மடியில் சாய்ந்திருந்தாள். அந்த மடிக்காரியின் கையெல்லாம் சிமென்ட் தூசி. கொத்தனாரம்மா போட்டிருந்த அதே சட்டை. அதே நரைத்த முன்முடி. குழந்தையின் தலையைக் கோதிய விரல்களும் அதே காய்த்த விரல்கள்.

"எந்திரிடி. இது என் வீடு. அது என் புள்ள."

உட்கார்ந்திருந்தவள் எழவில்லை. மகள்தான் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அலறி, அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, யாரும்மா இது? போகச் சொல்லும்மா!"

"பயப்படாதடா தங்கம்," என்றது கொத்தனாரம்மாவின் குரல். "அவளே கீழ போயிருவா. முன்னாடி இருந்தவளும் போயிட்டா."

போக மாட்டேன் என்று கொத்தனாரம்மா கத்தினாள். உதடுதான் அசைந்தது. சத்தம் வரவில்லை.

குரல் போனால் போகட்டும். சுத்தியலை இறுக்கிப் பிடித்து ஓர் அடி முன்னால் வைத்தாள்.

மகள் வீறிட்டு, அந்த மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.