ஒன்பதாவது வளைவில் இரண்டு கற்கள்

காலை 11.55.

லாரியின் பின்கதவு 'தடால்' என்று இறங்கியது. எஸ்.ஐ. ஜெயப்பிரியா படுதாவை விலக்கினாள். அரிசி மூட்டைகள் இருந்தன. பால் பவுடர் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்கு முன்னால், கதவை ஒட்டி, நாற்பது கட்டு தார்ப்பாய் இருந்திருக்க வேண்டும்.

அந்த இடம் காலியாக இருந்தது.

அட்டுவம்பட்டி பள்ளிக்கூட மைதானத்தில் மூங்கில்களை நட்டு வைத்துவிட்டுக் காத்திருந்த கூட்டம் லாரியை நெருங்கி வந்தது. மூன்று நாட்களுக்கு முன் மண் சரிந்து நாற்பது வீடுகளை வாரிக்கொண்டு போயிருந்தது. குழந்தைகளும் வயதானவர்களும் பள்ளிக்கூடத்தின் மூன்று அறைகளில் படுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு மூன்று இரவுகளாக ஆகாயம்தான் கூரை. குடும்பத்துக்கு ஒரு கட்டு தார்ப்பாய் வரும் என்று சொல்லித்தான் மூங்கில் நடச் சொன்னார்கள்.

சாயங்காலம் கனமழை என்று வானிலை அறிவிப்பு வேறு.

"யோவ், என்னய்யா பண்ணுன?" ஜெயப்பிரியா டிரைவரைப் பார்த்துக் கேட்டாள்.

டிரைவர் பிச்சையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. காலி இடத்தைப் பார்த்தபடியே நின்றார்.

பகல் 12.20.

மோட்டார் வாகன ஆய்வாளர் குமரகுரு ஜீப்பை விட்டு இறங்கினார். ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். மூன்று நாட்களில் மொத்தம் ஏழு மணி நேரம் தூங்கியிருந்தார். மைதானத்துச் சரிவில் ஜீப் மெல்லப் பின்னால் நகர்ந்தது. குனிந்து, ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்.

"பிரேக் இன்ஸ்பெக்டரு வண்டிக்கே பிரேக் இல்லையாக்கும்!" என்றாள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னத்தாய்.

"இருக்குதும்மா. என்னை மாதிரியே அதுவும் அசந்து போச்சு."

அவருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இந்த லாரி மேலே வந்ததற்கு அவருடைய கையெழுத்துதான் காரணம். நிவாரண வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்த வேண்டாம், திறந்து பார்க்க வேண்டாம், எடை போட வேண்டாம், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தாலும் விட்டுவிடலாம் என்று தளர்வு உத்தரவு வந்திருந்தது. வண்டியின் முன்கண்ணாடியில் பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தால் போதும். அத்தனை பச்சைச் சீட்டிலும் குமரகுருவின் கையெழுத்து.

ஜெயப்பிரியா பக்கத்தில் வந்தாள். "சார், நிவாரண அதிகாரி போன் பண்ணாரு. நாலு மணிக்குள்ள ஆளும் பொருளும் கிடைக்கலன்னா தளர்வு ரத்து. அடிவாரத்துல நிக்கிற பதினோரு லாரியையும் பிரிச்சு எண்ணித்தான் விடணும்னுட்டாரு."

"ஒரு லாரிக்கு ரெண்டு மணி நேரம்."

"ஆமா சார். இந்த ஆளைப் புடிச்சு உள்ள வெச்சுட்டு எழுதிரலாமா? எஃப்.சி. வேற முடிஞ்சிருக்கு."

"எஃப்.சி. முடிஞ்சது வண்டிக்கு. அவருக்கு இல்ல. இருங்க."

பகல் 12.30.

"எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

"அஞ்சரைக்குங்கய்யா. பாலசமுத்திரம் குடோன்ல இருந்து. பழனி ரோட்டுல இன்னிக்கு மொத வண்டி என்னுதுதான். நாப்பது கட்டையும் எண்ணி, நான்தான் கடைசியா ஏத்துனேன். மேல வந்ததும் மொதல்ல எறக்கணும்னு கதவுகிட்ட வெச்சேன்."

"வழியில எங்க நின்னீங்க?"

"ஒன்பதாவது வளைவுல கொதிச்சுப்போச்சுங்க. மணி ஏழரை. கேன் எடுத்துக்கிட்டு ஓடைக்கு எறங்குனேன். தண்ணியோட வர்றப்ப எட்டே கால். அதுக்கப்புறம் ரெண்டு எடத்துல நின்னு நின்னு வந்தேன். ஆனா வண்டியை விட்டு எங்கயும் போகலீங்க."

"நீங்க ஓடைக்குப் போனப்ப வண்டிகிட்ட யாரு?"

"சந்தோஷ் தம்பிங்க. கூட பிக்கப்ல காவலுக்கு வந்தாருல்ல. 'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க'ன்னாரு. திரும்பி வந்தப்ப அவரு மேல கெளம்பிப் போயிட்டாரு." பிச்சையா நிமிர்ந்தார். "அய்யா, எங்கப்பனும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்துல லயத்து வரிசை வீட்டுல கெடந்து, கப்பலேறி வந்தவங்க. இங்க எறங்குன அன்னைக்கு எங்களுக்கும் ஒரு தார்ப்பாய்தான் குடுத்தாங்க. அதுக்கடியில வளந்தவன் நான். பொய் கதைக்க மாட்டேன்."

குமரகுரு தலையசைத்தார். இதை நம்ப ஆசையாக இருந்தது. ஆசை சாட்சி ஆகாது.

பகல் 12.45.

சந்தோஷ்குமாருக்கு முப்பது வயது. பெருமாள்மலைக்குப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறவன். மண் சரிந்த மறுநாளே தொண்டராகப் பெயர் கொடுத்தவன். தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். கண்ணாடியில் பச்சைச் சீட்டு.

சின்னத்தாய் தானாகவே முன்வந்து சாட்சி சொன்னாள். "அந்தத் தம்பி தங்கமான புள்ளைங்க. பத்து மணிக்கே வந்து, சீல் பிரிக்காத ரெண்டு கேன் தண்ணி எறக்கிக் குடுத்துச்சு. அதைத்தான் புள்ளைகளுக்கு ஊத்துனோம்."

"இட்ஸ் ஓகேக்கா," என்றான் சந்தோஷ். பிறகு குமரகுருவிடம், "சார், ஆக்சுவலி அந்த டிரைவர் மேல எனக்கு டவுட்டே இல்ல. பாவம், வயசானவரு. ஆனா நான் கிளம்புனப்ப லோடு அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம் என்னாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வளைவுல உங்க வண்டி எங்க நின்னுச்சு?"

"லாரிக்குப் பின்னாடி, மேல பாத்த மாதிரி."

"அந்த ஏத்தத்துல கை பிரேக் நிக்குமா?"

"எங்க சார்! பின் டயருக்கு ரெண்டு கல்லு குடுத்துத்தான் நிறுத்துனேன். உங்க ஜீப் மாதிரிதான்." சிரித்தான்.

"எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

"எட்டு, எட்டு அஞ்சு. கேம்ப்ல லேட்டாகும்னு சொல்லணும்ல, நேரா இங்க வந்துட்டேன்."

குமரகுரு பிக்கப்புக்குள் எட்டிப் பார்த்தார். துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கீழே பார்த்தார். வண்டியின் முன்சக்கரங்களுக்கு நடுவில், புல்லின் மேல் கறுப்பாக ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

"ஆயில் ஒழுகுது தம்பி."

"ரெண்டு மாசமா சார். சர்வீஸ் விடணும்."

"விட்டிருக்கலாம்," என்றார் குமரகுரு.

பகல் 1.50.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. மேகம் கீழே இறங்கி வந்து சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தது. பொது வாகனங்களுக்கு அந்தப் பாதையை மூன்று நாட்களாக அடைத்து வைத்திருந்தார்கள். பிச்சையாவுக்குப் பின்னால் வரவேண்டிய லாரிகள் இன்னும் அடிவாரத்திலேயே நின்றன. பிச்சையாவின் லாரிக்கும் சந்தோஷின் பிக்கப்புக்கும் பிறகு அந்தத் தாரை யாரும் மிதிக்கவில்லை.

சாலையின் நடுவே இரண்டு கற்கள் கிடந்தன.

ஜீப் நின்றதும் பிச்சையா முதல் ஆளாகக் குதித்தார். "எந்தப் பாவி இப்படி விட்டுட்டுப் போனான்!" என்று கற்களை எடுக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க!"

குமரகுருவின் சத்தத்தில் ஜெயப்பிரியாவே திடுக்கிட்டாள்.

"இது நீங்க வெச்ச கல்லு இல்லையா?"

பிச்சையாவின் முகம் சுருங்கியது. திருடன் என்று சந்தேகப்பட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. "அய்யா, முப்பது வருசமா மலை ஏறுறேன். அணை குடுத்த கல்லை ரோட்டுல விட்டுட்டுப் போனா, அது பின்னால வர்றவன் உசுரைக் கேக்கும். வண்டி எடுத்ததும் கல்லை ஓரங்கட்டிட்டுத்தான் அடுத்த கியர். என் கல்லு அந்தா கெடக்கு பாருங்க."

தடுப்புச்சுவர் ஓரத்தில் இரண்டு பெரிய கற்கள். ரப்பர் தேய்ந்த கறுப்பு அவற்றில் தெளிவாக இருந்தது.

"அப்ப இது உங்க கண்ணுல படலையா?"

"என் வண்டிக்குப் பின்னாடி எறக்கத்துல கெடந்திருக்கு. கேம்ப்ல சனம் காத்துக்கெடக்குன்னு வெரசாத் தண்ணியை ஊத்திட்டு ஏறுனேன். கீழ திரும்பிப் பாக்கலீங்க."

குமரகுரு சாலையில் மெதுவாக நடந்தார். மேலே, ரேடியேட்டர் தண்ணீர் கொட்டிக் காய்ந்த துருக்கறை. லாரியின் மூக்கு அங்கே. அங்கிருந்து லாரியின் நீளத்தைக் காலடியால் அளந்தார். வால் இங்கே. அங்கிருந்து இறக்கத்தில் இன்னும் ஐந்து காலடி எடுத்து வைத்தார். ரோட்டில் கிடந்த கற்கள் காலில் தட்டின.

கற்களுக்கு ஒரு முழம் மேலே, தாரில் கறுப்பாக ஓர் எண்ணெய் வட்டம்.

அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சார், உடம்புக்கு முடியலையா?" ஜெயப்பிரியா கேட்டாள்.

"இல்ல. முடிஞ்சிருச்சு. அதான் உக்காந்துட்டேன். பிச்சையா, ஏத்தத்துல நிறுத்துனா எந்த டயருக்குக் கல்லு குடுப்பீங்க?"

"பின் டயருக்குங்க."

"எறக்கத்தைப் பாத்து நிறுத்துனா?"

"முன் டயருக்கு. இதுகூடத் தெரியாதவன் மலையில வண்டி ஓட்டலாமா?"

குமரகுரு எழுந்தார். "ஜெயப்பிரியா, பெருமாள்மலைக்கு உங்க ஆளுங்க ரெண்டு பேரை அனுப்பச் சொல்லுங்க. கூடாரம் போட்ட இடம் ஒண்ணு இருக்கும்."

மாலை 3.25.

மைதானத்தில் இருட்டு கூடியிருந்தது. மழைக்கு முந்திய இருட்டு. குமரகுரு ஜீப்பின் பின்சக்கரத்துக்கு மறுபடி கல் கொடுத்துவிட்டு வந்தார். சந்தோஷ் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து கயிறு பிடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கயிறை விடுங்க," என்றார் குமரகுரு. "மேல போடத் தார்ப்பாயை நீங்கதான் எடுத்து வெச்சிருக்கீங்க."

கூட்டம் திரும்பியது.

"சார், வாட் இஸ் திஸ்? டிரைவரை விட்டுட்டு..."

"ரேடியேட்டர் கொதிச்சது யார் சதியும் இல்ல. எஃப்.சி. இல்லாத வண்டியை நான் விட்டேன், அது கொதிச்சுச்சு. அந்த நேரத்தை நீங்க புடிச்சுக்கிட்டீங்க. உங்க வண்டியில சீல் பிரிக்காத ரெண்டு கேன் தண்ணி இருந்துச்சு. இருந்தும் வயசான மனுசனை ஓடைக்கு அனுப்புனீங்க."

"அது... அது வர்ற வழியில வாங்குனது."

"மூணு நாளா அடைச்சுக் கெடக்குற ரோட்டுல எவன் கடை தொறந்து வெச்சிருக்கான்? சரி, அது கெடக்கட்டும். மேல பாத்து நிறுத்தி, பின் டயருக்குக் கல்லு குடுத்தேன்னு நீங்க சொன்னீங்க. அப்படின்னா முன்னாடி இருக்கிற இன்ஜின் ஆயில், கல்லுக்கு எட்டு, ஒன்பது அடி மேல சொட்டியிருக்கணும். கல்லுக்கு ஒரு முழத்துல சொட்டியிருக்கு. கல்லு குடுத்தது முன் டயருக்கு. உங்க வண்டி கீழ பாத்து நின்னுச்சு."

சந்தோஷ் கயிறைக் கீழே போட்டான்.

"மேல போற அவசரத்துல இருந்தவன் எதுக்கு வண்டியைக் கீழ பாத்துத் திருப்புறான்? லாரி மேல பாத்து நிக்குது. அதோட வாலும் உங்க வண்டி வாலும் முட்டணும்னா வேற வழியில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்க எடமில்ல, அளந்து பாத்துட்டேன். முக்கால் நிமிசத்துக்கு ஒரு கட்டு, அரை மணி நேரம். படுதாவை இழுத்துக் கட்டிட்டு, மறுபடி திருப்பி மேல வந்தீங்க. எட்டு அஞ்சுக்குக் கிளம்புனா ஒன்பதேகாலுக்கு இங்க இருக்கணும். பத்து மணிக்கு வந்தீங்க. அந்த முக்கால் மணி நேரம் பெருமாள்மலையில. வழியில உங்களை யாரும் திறந்து பாக்கல. ஏன்னா, கண்ணாடியில என் கையெழுத்து இருந்துச்சு."

ஜெயப்பிரியாவின் போன் அடித்தது. கேட்டாள். வைத்தாள்.

"நாற்பது கட்டும் இருக்காம் சார். பன்னண்டு கூடாரத்துல ஏழுக்குப் போட்டே முடிச்சுட்டானாம்."

"காத்துல என் டென்ட் எல்லாம் கிழிஞ்சுருச்சு சார்," என்றான் சந்தோஷ். ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை. "சனிக்கிழமை ஆளுங்க வர்றாங்க. மழையில நனைஞ்சா அடுத்த தடவை எவன் வருவான்? இவங்களுக்கு எப்படியும் அரசாங்கம் அடுத்த லாரியில குடுத்துரும்னு நெனச்சேன்."

சின்னத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மதியம் தங்கமான பிள்ளை என்றவள். "ஏலே, வந்து தங்குறவன் நனையக் கூடாது. நாங்க நனையலாமாக்கும்?"

ஜெயப்பிரியா அவனை ஜீப்புக்கு நடத்திப் போனாள்.

மாலை 4.40.

முதல் தூறல் விழுந்தபோது முப்பத்தொரு மூங்கில் சட்டங்களின் மேல், பெருமாள்மலையிலிருந்து மீட்டு வந்த தார்ப்பாய் ஏறியிருந்தது. மீதி ஒன்பதுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

குமரகுரு நிவாரண அதிகாரியிடம் போனில் பேசினார். குரல் பாதிதான் வந்தது. "லாரிகளை நிறுத்த வேண்டாம் சார். தளர்வு அப்படியே இருக்கட்டும். கூட வர்ற வண்டிக்குப் பச்சைச் சீட்டு வேண்டாம், அதை மட்டும் திறந்து பாக்கட்டும். அப்புறம் எஃப்.சி. தளர்வு வேண்டாம் சார். காகிதத்தைத் தளர்த்தலாம், ரேடியேட்டரைத் தளர்த்த முடியாது. ஆமா சார், கையெழுத்துப் போட்டது நான்தான். அதையும் எழுதிக்கறேன்."

எதிர்முனை சரி என்றது. அடிவாரத்தில் பதினோரு இன்ஜின்கள் உயிர்பெற்றன.

பிச்சையா பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப நாளைக்கு எனக்கு லோடு இல்லீங்களா?"

"ரேடியேட்டரைச் சரி பண்ணிட்டு வாங்க. நானே பாத்து விடறேன்."

"வெள்ளனே வந்துருவேங்க."

"ரொம்ப வெள்ளனே வேண்டாம். நான் தூங்கணும்."

ஜீப்பில் ஏறினார். பின்னிருக்கையில் சந்தோஷ் தலை கவிழ்ந்திருந்தான். கிளப்பி இருபது அடி போயிருப்பார். பின்னோக்குக் கண்ணாடியில், மழையில் நனைந்தபடி பிச்சையா இடுப்பில் கைவைத்து அவரையே முறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

குமரகுரு பெருமூச்சு விட்டார். வண்டியை நிறுத்தி, ஜெயப்பிரியாவிடம் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னார். இறங்கி, மழையில் நடந்து திரும்பி வந்தார். குனிந்து, தான் வைத்த கல்லை எடுத்து ஓரத்தில் போட்டார்.

"இப்ப போங்கய்யா," என்றார் பிச்சையா.