கெசியாவின் முதுகில் ஓர் அம்பு

பேருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கெசியாவின் முதுகில் யாரோ அம்பை ஒட்டிவிட்டார்கள்.

நிஜ அம்பு இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஸ்டிக்கரை நன்றாகத் தெரியும். தைத்து முடித்த ஷூவில் கீறலோ பிசிறோ இருந்தால், செக்கிங் அக்கா அந்த இடத்தில் அம்பை ஒட்டுவார். ஒட்டாவிட்டால் பாஸ், ஒட்டினால் ரிஜெக்ட். தைத்தவர் மறுபடி பிரித்துத் தைக்க வேண்டும்.

அந்தச் செக்கிங் அக்கா வேறு யாருமில்லை, கெசியாவின் அம்மா ஷர்மிளாதான்.

கட்டிங் பிரிவின் பிள்ளைகள் முன்னால் பாட்டுப் பாடினார்கள். தையல் பிரிவின் பிள்ளைகள் பின்னால் அதைவிடச் சத்தமாகப் பாடினார்கள். செக்கிங் பிரிவுக்கு அவள் ஒருத்திதான். பக்கத்து இருக்கையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் உட்கார்ந்து வந்தது. வழக்கம்போல் முதுகைத் தடவிப் பார்த்த கெசியா, ஸ்டிக்கரை உரித்துப் பாட்டிலின் மேல் ஒட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போகும். இந்த வருடம் வேலூர் சாலையில் புதிதாகத் திறந்த பெயிண்ட்பால் மைதானம். பழைய தோல் கிடங்குக்குள் ஓர் ஆட்டம், வெளியே தென்னந்தோப்பில் ஓர் ஆட்டம்.

தையல் அணியில் ஓர் ஆள் குறைந்தது. அணித் தலைவன் தவ்ஃபீக் ஏழாம் வகுப்பு படிக்கிறவன். சுற்றிலும் பார்த்தான். மீதம் நின்றவள் கெசியா மட்டும்தான்.

"வா. ஆனா உங்கம்மா மாதிரி எதையும் நொட்டை சொல்லக் கூடாது. சொன்னா வெளிய போய்டணும்" என்றான்.

கெசியா வேகமாகத் தலையாட்டினாள். ஓர் அணியில் அவள் பெயர் சேர்வது இதுதான் முதல் தடவை.

மைதானத்து வேலு அண்ணன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மேசையில் இரண்டு வகைத் துப்பாக்கிகளை வைத்தார். பெயிண்ட் குண்டு சுடும் அவற்றுக்கு மார்க்கர் என்று பெயர். ஒன்று பெரியது, கறுப்பு, காற்று அடைத்த உருளையோடு கனமாக இருந்தது. மற்றது சின்னது, ஸ்பிரிங்கில் இயங்குவது, பொம்மை மாதிரி இருந்தது. ஒன்றின் குண்டு மற்றதில் நுழையாது என்பதால், எடுக்கும் வகையையே கிடங்கு ஆட்டத்துக்கும் தோப்பு ஆட்டத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

கட்டிங் அணியின் ஜெயப்பிரகாஷ் பெரியதைத் தூக்கித் தோளில் வைத்துப் போஸ் கொடுத்தான். தவ்ஃபீக்கும் பெரியதைத்தான் கேட்டான்.

கெசியா ஏற்கெனவே கிடங்குக்குள் போய் வந்திருந்தாள். தனியாக நிற்பவர்களுக்கு அடி அளக்க நிறைய நேரம் இருக்கும். ஒளிந்துகொள்ள அடுக்கிய மூட்டைச் சுவர்களுக்கு இடையே அகலமான இடம் பத்தடி, குறுகலான இடம் நாலடி. அத்தனை கிட்டத்தில் அந்தப் பெரிய மார்க்கரா?

அப்போதுதான் தவ்ஃபீக்குக்குப் பின்னால் நின்ற அவன் தங்கை லுப்னாவைக் கவனித்தாள். எட்டு வயசு. ஆட்டம் தொடங்கும் முன்பே முகமூடியை மாட்டியிருந்தாள். கண்ணாடிக்குள்ளே கண்கள் பெரிய மார்க்கரையே பார்த்தபடி நனைந்திருந்தன. அண்ணன் கேலி செய்வான் என்றோ என்னவோ, முகமூடியைக் கழற்றவேயில்லை.

சொன்னால் கெசியா வெளியே போக வேண்டும். மறுபடி தண்ணீர் பாட்டிலோடு தனியாக உட்கார வேண்டும். அவள் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். லுப்னாவைப் பார்த்தாள். விழுங்கியது திரும்பி வந்தது.

தன் தோள்பையைக் கழற்றினாள். கழித்துப்போட்ட தோலில் அம்மா தைத்துக் கொடுத்த பை அது. பொருளை எல்லாம் எடுத்துவிட்டு அதைக் கிடங்கின் மூட்டைச் சுவரில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று இரண்டாலும் ஒரு முறை சுடச் சொல்லி வேலு அண்ணனிடம் கேட்டாள்.

சின்னது சுட்டது. பையில் பச்சைப் பொட்டு. பெரியது சுட்டது. பை துள்ளி விழுந்தது.

கெசியா பெயிண்டைத் துடைத்தாள். பெரிய குண்டு பட்ட இடத்தில் பள்ளம். கட்டை விரலால் நீவினாள். அம்மா அப்படித்தான் பார்ப்பார். பள்ளம் போகவில்லை. பாட்டிலில் இருந்த சிவப்பு அம்பை உரித்து, அந்தப் பள்ளத்தில் ஒட்டி, தவ்ஃபீக்கிடம் நீட்டினாள்.

தவ்ஃபீக்கும் கட்டை விரலை வைத்துப் பார்த்தான். பிறகு லுப்னாவைப் பார்த்தான். 

"எங்களுக்குச் சின்னதே குடுங்கண்ணா" என்றான்.

"தோப்புல அது எட்டாது பா" என்றான் ஜெயப்பிரகாஷ்.

கெசியா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மார்க்கரை நீட்ட முடியாது. ஒளியறதுக்கு வச்சிருக்கிற டயரைக் கிட்ட நகர்த்தலாம் இல்ல?"

வேலு அண்ணன் தலையைச் சொறிந்தார். அப்புறம் கட்டிங் அணியிடமிருந்தும் பெரியதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். ஜெயப்பிரகாஷ் முணுமுணுத்துக்கொண்டேதான் டயரை உருட்டினான். ஆனால் எல்லோரையும்விட வேகமாக உருட்டினான்.

கிடங்கில் தையல் அணி ஜெயித்தது. தோப்பில் கட்டிங் அணி ஜெயித்தது. இரண்டு ஆட்டத்திலும் லுப்னா கெசியாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டே ஓடினாள்.

சாயங்காலம் கம்பெனி வாசலில் அம்மா காத்திருந்தார். வழக்கம்போல் கெசியாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகைப் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லை. சட்டையின் நடுவே ஐந்து விரலும் பதிந்த ஒரு சின்னப் பச்சைக் கை இருந்தது.

"இன்னா இது? ஊற வச்சா போய்டும், விடு" என்றார் அம்மா.

"வேணாம்மா" என்றாள் கெசியா. "இது பாஸ்."