மார்க்கசகாயத்தின் கடைசிச் சுருள்

காணாமல் போனது ஒரே ஒரு தகர டப்பா. அதற்குப் போய் மிக்கேல்ராஜின் முகம் ஏன் இப்படி வெளுக்க வேண்டும் என்று ஜீப் ஓட்டும் சிஜுவுக்கு விளங்கவில்லை. மாதா கோயில் கமிட்டிச் செயலாளரான அவர், ஏலப்பாறை ஜீப் ஸ்டாண்டுக்குக் கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் ஓடி வந்திருந்தார்.

"சார், நீங்க பார்க்க வந்த படத்துல கடைசிச் சுருளக் காணோம். பூசைக்கு முந்தி இருந்துச்சு."

ஜீப்பில் இருந்த பெரியவர் செங்கோட்டையன், மலைக்குக் கீழே முதலமடை ஊர்க்காரர். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பலைக் கிளறியே தீ பிடித்த கதையைச் சொல்லிவிடுவார் என்று பேர். கோயில் மண்டப அலமாரியில் கிடைத்த பேசாத படம் ஒன்றைப் பத்திரமாக வெளியூருக்கு அனுப்ப வழி கேட்டுத்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாசித்த தொடர்கதையின் நாயகன், துப்பறியும் மார்க்கசகாயம், முதன்முதலாகத் திரைக்கு வந்த படம் அது. பாதியை இந்த எஸ்டேட்டிலேயே எடுத்திருந்தார்கள்.

"திருடன அமுக்கிரலாம் சார்," என்றான் சிஜு. துப்புத் துலக்குகிற ஒருவரோடு கூட நிற்க வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை.

"திருடன் கெடக்கறானுங்க தம்பி. அது நைட்ரேட் சுருளு. கெட்டுப் போச்சுன்னா லேசான சூடே போதும், தானாப் பத்திக்கும். தண்ணி ஊத்தினாலும் அணையாது. எந்த ஊட்டுல இருக்குதோ, அங்க இருக்கறவங்களுக்கு அது தெரியாதுங்க. வண்டிய எடுங்க."

சிஜுவின் உற்சாகத்தில் பாதி அங்கேயே கரைந்து போனது.

மண்டபத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். சாவி வைத்திருந்து மணியும் அடிக்கிற கோயில்பிள்ளை கபிரியேல்; இவர் சிஜுவின் அப்பா. படத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த, கடைசிச் சுருளை இன்னும் தொடாத ஸ்டுடியோக்காரன் ரிஞ்சு. பழம்பொருள் சேர்க்கிற மாந்தோப்புக்காரர் தங்கதுரை, படத்தை விலைக்குக் கேட்டு வந்தவர். மண்டபம் காலையில் இருந்தே திறந்து கிடந்தது.

செங்கோட்டையன் அலமாரியைப் பார்த்தார். ஆறு டப்பாக்கள் காய்ந்த தட்டில் இருந்தன. ஏழாவது இருந்த இடத்தில் ஓட்டுக்கூரை ஒழுகிச் சொட்டிப் பூசணம் பிடித்திருந்தது. டப்பாவின் மூடி மட்டும் அங்கேயே கிடந்தது. அதை எடுத்து முகர்ந்தவர், சுருள் கெட்டுப்போன நெடி அடிக்க, முகத்தைச் சுளித்தார்.

"தங்கதுரைதான் சார்," என்று சிஜு காதைக் கடித்தான். "இல்லாட்டி ரிஞ்சு."

"தங்கதுரைக்கு முழுப் படம் வேணும். திருடறவரா இருந்தா ஏழையும் தூக்கியிருப்பாருங்க. ரிஞ்சுவுக்கு இந்தச் சுருளோட குணம் தெரியும், மூடாம எடுக்க மாட்டான். எடுத்தவங்க நனைஞ்சத மட்டும் எடுத்திருக்காங்க, மூடிய வேணும்னே விட்டுட்டுப் போயிருக்காங்க. அது களவில்லீங்க, கரிசனம். காத்தாடட்டும்னு நெனச்சிருக்காங்க." அவர் குரல் தணிந்தது. "எங்கூர்ல நனைஞ்சத வெயில்ல போட்டாப் போதும். இந்த மழையில நீங்க எங்க காய வெப்பீங்க?"

"அடுப்புக்கு மேல பரண்லதான் சார். துணி, கருவாடு, வெறகு, எல்லாமே அங்கதான்..." சொன்ன பிறகுதான் அடுப்பு என்ற சொல் சிஜுவுக்கு உறைத்தது.

செங்கோட்டையன் கபிரியேலின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில், டப்பாவின் விளிம்பு பதிந்தது போல, வளைவாக ஒரு துருக்கறை. சற்று முன் சிஜுவும் அதைப் பார்த்திருந்தான். மணிக்கயிற்றில் பட்ட அழுக்கு என்று விட்டுவிட்டான்.

"நல்லதுக்குத்தான் சார் செஞ்சேன்," என்றார் கபிரியேல். "எங்கப்பா அதுல இருக்காரு. சின்னப் புள்ளையா லாந்தர் புடிச்சிட்டு நிப்பாரு. அவருக்கு வேற படமே கெடையாது. காஞ்சதும் கொண்டாந்து வச்சிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போலீசு, களவுன்னு சத்தம் கேட்டுச்சா, பயந்துட்டேன்."

சிஜு போனை எடுத்தான். மணி அடித்தது. மனைவி ஆன்மேரி எடுக்கவில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட இந்நேரம் அவள் வெந்நீர் போட்டிருப்பாள்.

கபிரியேலையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது. தேயிலைச் சரிவில் அத்தனை வளைவுகள் இருப்பது சிஜுவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாதாவே, மாதாவே என்று அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் வீடு இருந்த லயத்து வரிசையின் வாசலில் குதித்து ஓடப் போனவனைச் செங்கோட்டையன் சட்டையோடு பிடித்து இழுத்தார்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஆன்மேரி. அவள் தலைக்கு மேல் பரணில் இருந்து மஞ்சள் நிறத்தில் மெல்லிய புகை இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மிணி," என்றார் செங்கோட்டையன், சாதாரணமாக. "புள்ளைய எடுத்துட்டு வெளிய வாங்க. எதையும் தொடாதீங்க. அப்படியே நேரா வாங்க."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்தாள். பக்கத்து வீட்டாரையும் செங்கோட்டையன் வெளியேற்றினார். கடைசி ஆள் முற்றத்துக்கு வந்தபோது பரண் சீறிக்கொண்டு எரிந்தது. மார்க்கசகாயம் குற்றவாளியின் பேரைச் சொல்கிற காட்சியும், லாந்தர் பிடித்த பையனும், அடுக்களைக் கூரையும் ஒன்றாகப் போயின. நல்ல மழையாக இருந்ததால் மற்ற வீடுகள் தப்பின.

கபிரியேல் தள்ளி, நனைந்தபடி நின்றார். சிஜுவுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நொடியே அழுகை முட்டியது.

ஆன்மேரிதான் மாமனாரை நோக்கி நடந்தாள்.

"பிள்ளையப் பிடிங்க மாமா. எனக்குக் கை நடுங்குது."

அவருக்கும்தான் நடுங்கியது. ஆனாலும் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.