ஜெறோமின் பாதி

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஏதோ கருகிய மணம் வந்தது.

ஐறீன் படியிலேயே நின்றுவிட்டாள். ரியூசன் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முதுகில் புத்தகப் பை. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

"ஜெறோம்?"

கதவடியில் கிடந்த அவனுடைய நீலச் செருப்பைத் தாண்டி உள்ளே போனாள்.

கூடத்தின் மூலையில், மாதா சுரூபம் வைத்த தட்டில், ஒரு மெழுகுதிரி சரிந்து கிடந்து எரிந்தது. அதன் அருகில் அம்மாவின் வெள்ளை லேஸ் முக்காடு. அம்மா கோயிலுக்குப் போடுவது. அதன் ஒரு மூலை கருகி, மெல்லப் புகைந்துகொண்டிருந்தது.

ஐறீன் மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். முக்காட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடி, தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தாள். புகை நின்றது. முக்காட்டில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை.

தம்பியை அறைகளில் தேடினாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். அலுமாரியைத் திறந்தாள். பல்கனிக்கும் போனாள். ஏழு வயது ஜெறோம் எங்கும் இல்லை.

எதிர் வீட்டு மணியை அடித்தாள். ஜவாஹிறா அன்ரி, தொழுத உடுப்போடு வந்து கதவைத் திறந்தார். அப்பா வேலையிலிருந்து வரும்வரை ஜெறோமைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"ஏன் மகள், தம்பி உங்கட வீட்டுல இல்லயா? வீட்டுப்பாடக் கொப்பி எடுக்கப் போறேன்னு சாவி கேட்டிச்சு. குடுத்துட்டு நான் தொழப் போயிட்டேன்."

ஐறீன் ஈர முக்காட்டைக் காட்டினாள். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே ஓடி, ஐறீனின் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பா கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் ரயிலில் இருந்தார்.

ஜெறோம் ஏன் மெழுகுதிரி ஏற்றினான் என்பது ஐறீனுக்குத் தெரியும்.

அம்மா இருந்தபோது, மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் நான்கு பேரும் பாயில் உட்காருவார்கள். செபமாலையில் ஒரு பத்து, அதாவது ஒரே செபம் பத்துத் தடவை. "அருள் நிறைந்த மரியாயே" என்று முதல் பாதியை அம்மா சொல்லுவார். "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மறுபாதியை மற்றவர்கள் சொல்லுவார்கள்.

போன வருடம் அம்மா இறந்துபோனார். அடக்கத்தன்று கல்லறையில் எல்லோரும் அதே செபத்தைச் சொன்னார்கள். அப்பாவும் சொன்னார். 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடம் வந்தபோது நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் செபமே சொல்லவில்லை. ஆறு மணி அடித்தால் பல்கனிக்குப் போய் நின்று ரயில் பார்ப்பார்.

சில மாதங்களுக்கு முன் ஐறீன் தனியே தொடங்கினாள். முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த நாள் வீட்டுப்பாடம். அதற்கடுத்த நாள் மறந்தே போனாள். ஆள் ஒருவர் கூட இருந்தால் மறக்காது என்று தோன்றியது. ஜெறோமைக் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, ஒரு செபத்துக்கு ஒரு லெமன் பஃப் என்றான். நீண்ட பேச்சுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஒரு பிஸ்கட் என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. முதல் பாதி ஐறீனுடையது. மறுபாதி ஜெறோமுடையது. அவன் அதை எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் சொல்லுவான். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு சொல்லுவான். ஒருநாள் குளியலறைக்குள் இருந்தபடியே பதில் சொன்னான்.

நேற்று அவன் கண் முழுக்கத் தொலைக்காட்சியில் இருந்தது. ஐறீனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ சொல்லுறது செபமே இல்ல. வாய் மட்டும்தான் ஆடுது. நாளைக்கு நீ வரத் தேவையில்ல."

ஜெறோம் தொலைக்காட்சியை நிறுத்தினான். பிஸ்கட்டை எடுக்கவில்லை.

இன்று அவன் தானாகவே, ஒழுங்காக, மெழுகுதிரி எல்லாம் ஏற்றிச் சொல்லப் பார்த்திருக்கிறான்.

ஜவாஹிறா அன்ரியும் ஐறீனும் கீழே ஓடினார்கள். வாசலில் நிற்கும் சிங்களச் செக்யூரிட்டி சுனில் அய்யே, 'மல்லி', அதாவது தம்பி, வெளியே போனதைக் காணவில்லை என்றார். ஆனால் நடுவில் தேத்தண்ணி வாங்கப் போனதாகவும் ஒத்துக்கொண்டார். அவன் வெளியே போக அந்த நேரம் போதும். அந்த வெள்ளவத்தை ஒழுங்கையின் முடிவில் பெரிய வீதி. வீதிக்கு அப்பால் தண்டவாளம். அதற்கு அப்பால் கடல்.

தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் கூவியது.

அன்ரியின் சத்தம் கேட்டு இறங்கி வந்த தொடர்மாடிக்காரர்கள் எல்லோரும் தண்டவாளப் பக்கம் ஓடினார்கள். ஐறீனும் ஓடினாள். வாசலைத் தாண்டியவள் சட்டென்று நின்றாள்.

செருப்பு.

ஜெறோமின் நீலச் செருப்பு வீட்டுக் கதவடியில் கிடந்ததை அவள் கண்டிருந்தாள். முன்பு ஒருமுறை காலில் போத்தல் ஓடு வெட்டிய பிறகு, அவன் வெறுங்காலோடு றோட்டில் இறங்குவதே இல்லை. குப்பை போட வருவதென்றாலும் செருப்புப் போடுவான்.

அவன் வெளியே போகவில்லை.

அவள் திரும்பிப் படியேறினாள். ஒவ்வொரு மாடியாக நின்று கூப்பிட்டாள். குப்பை வாளிகளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஜெறோம், அக்கா ஏசமாட்டன். வெளிய வா."

அவன் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. 'ஏசமாட்டன்' என்று சொல்லிக் கூப்பிட்டு, வந்த பிறகு ஏசியிருக்கிறாள். பல தடவை.

கடைசிப் படிக்கட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியது. வெளியே, தண்டவாளப் பக்கமிருந்து யார் யாரோ தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த நேரம் கோயில் மணி அடித்தது. ஆறு.

ஐறீன் படியில் உட்கார்ந்தாள். இனி எங்கே தேடுவது என்று தெரியவில்லை. சிலுவை அடையாளம் போட்டாள்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே..."

முதல் பாதியைச் சொல்லி முடித்ததும் நிறுத்தினாள். வேண்டுமென்று நிறுத்தவில்லை. அவள் தினமும் நிறுத்தும் இடம் அது. அதற்குப் பிறகு வருவது ஜெறோமின் பாதி.

மேலேயிருந்து, மொட்டைமாடி இரும்புக் கதவுக்கு அப்பாலிருந்து, ஒரு மெல்லிய குரல் எக்ஸ்பிரஸ் வேகத்தில் வந்தது.

"அர்ச்சிஷ்ட மரியாயே சர்வேசுரனுடைய மாதாவே பாவி..."

பிறகு சட்டென்று நின்றது. வாயைக் கையால் பொத்தியதைப் போல.

மொட்டைமாடிக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அதனால் யாரும் அங்கே தேடவில்லை. இன்று தண்ணீர்த் தாங்கி கழுவ வந்தவர்கள் அதைப் பூட்டாமல் போயிருந்தார்கள். ஐறீன் கதவை மெல்லத் தள்ளினாள்.

கடற்காற்று முகத்தில் அறைந்தது.

தாங்கி வைத்த சீமெந்து மேடை, கட்டடத்தின் ஓரத்தோடு ஒட்டி இருந்தது. அதற்குத் தடுப்புச் சுவர் இல்லை. கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. தாங்கிக்குப் பின்னால் ஒளியப் போனவன் வழுக்கி, அந்த மேடையின் விளிம்பில் அகப்பட்டிருந்தான். கால்கள் இரண்டும் வெளியே தொங்கின. ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது. ஐந்து மாடி கீழே ஒழுங்கை தெரிந்தது.

ஐறீனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவன் திடுக்கிட்டுத் திரும்புவான். அவள் கத்தவில்லை.

"அக்கா, வழுக்குது," என்றான் ஜெறோம். முகம் வெளுத்திருந்தது. "எழும்ப ஏலாது."

"எழும்பாத."

"அம்மான்ர முக்காடு எரிஞ்சிட்டுது. அப்பா..."

"தெரியும். இப்ப அதக் கதைக்க வேணாம். நான் என்ர பாதியச் சொல்லுறன். நீ உன்ர பாதியச் சொல்லு. சொல்லி முடிச்சதும், இருந்தபடியே ஒருக்காப் பின்னுக்கு அரக்கு. கொஞ்சம் அரக்கினாப் போதும். சரியா?"

"கெதியாச் சொல்லவோ?"

"மெதுவா. இண்டைக்கு நல்லா மெதுவா."

ஐறீன் முதல் பாதியைச் சொன்னாள். ஜெறோம் மறுபாதியைச் சொன்னான். அவன் அதை அவ்வளவு மெதுவாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஆமென் என்றதும் உட்கார்ந்தபடியே பின்னால் அரக்கி நகர்ந்தான். கொஞ்சம்தான். முழங்கால் சீமெந்துக்கு வந்தது.

மீண்டும் அவள் பாதி. மீண்டும் அவன் பாதி. மீண்டும் ஓர் அரக்கல்.

ஐறீன் ஈரத்தில் மண்டியிட்டு, மேடையை நோக்கித் தவழ்ந்தாள். கை நீட்டினாள். இன்னும் எட்டவில்லை.

பின்னால் படிகளில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அப்பா. வேர்த்து நனைந்த சட்டை. ஒழுங்கையில் வரும்போதே மேலே தொங்கும் கால்களைக் கண்டு ஓடிவந்திருந்தார். கதவடியில் வந்து நின்று, ஜெறோமைக் கண்டு, வாயைத் திறந்தார்.

ஐறீன் கையை உயர்த்தினாள். வேண்டாம்.

ஆனால் ஜெறோம் அப்பாவைக் கண்டுவிட்டான். அவன் உடம்பு விறைத்தது. குழாயைப் பிடித்த விரல்கள் நழுவி, மறுபடியும் பற்றின.

ஐறீன் தன் பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

ஜெறோம் பேசவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அப்பா, கதவடியில் நின்றபடி, தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார். அவருடைய உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஐறீன் இன்னும் கொஞ்சம் முன்னால் தவழ்ந்தாள்.

"எங்கள் மரண நேரத்திலும்," என்றான் ஜெறோம். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தான்.

"எங்கள் மரண நேரத்திலும்," என்றார் அப்பா. பிறகு இருவரும் சேர்ந்து சொன்னார்கள். "வேண்டிக்கொள்ளும். ஆமென்."

"அரக்கு," என்றாள் ஐறீன்.

ஜெறோம் அரக்கினான். ஐறீனின் கைக்கு அவனுடைய சட்டைக் கொலர் எட்டியது. அடுத்த கணம் அப்பாவின் கைகள் இருவரையும் பிடித்து இழுத்தன. மூன்று பேரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். வெகுநேரம் யாரும் எழும்பவில்லை.

படியிறங்கும்போது ஜெறோம் ஐறீனின் காதுக்குள் சொன்னான். "நான் பதில் சொல்லாம ஒளிச்சுத்தான் இருந்தனான். வாய் தானாச் சொல்லிட்டுது."

"நல்ல வாய்," என்றாள் ஐறீன். "நேற்று நான் சொன்னது பிழை."

வீட்டில் ஜவாஹிறா அன்ரி ஜெறோமைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு நன்றாக ஏசினார். பிறகு எல்லோருக்கும் பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சுனில் அய்யே மேலே போய் இரும்புக் கதவைப் பூட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தார்.

முக்காடு மேசையில் கிடந்தது. அப்பா அதை விரித்துப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஜெறோம் ஐறீனின் பின்னால் ஒதுங்கினான்.

"இஞ்ச வா," என்றார் அப்பா.

ஜெறோம் போனான்.

"கையக் காட்டு."

அப்பா அவனுடைய இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளையும் பார்த்தார்.

"அம்மா எண்டால் முதல்ல இதத்தான் பாத்திருப்பா," என்றார். "கை சுடேல்ல."

முக்காட்டை மடித்து மாதாவின் பக்கத்தில் வைத்தார். பிறகு வழக்கம்போலப் பல்கனிப் பக்கம் திரும்பினார்.

"பத்து இன்னும் முடியேல்ல, அப்பா," என்றாள் ஐறீன்.

அப்பா பல்கனிக் கதவைச் சாத்தினார். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைத் தானே எடுத்து விரித்தார்.

மெழுகுதிரியை ஐறீன் ஏற்றினாள், முக்காட்டிலிருந்து தள்ளி. அவள் தன் பாதியைச் சொன்னாள். மறுபாதிக்கு இரண்டு குரல்கள் வந்தன. ஒன்று மெதுவாக. மற்றது எக்ஸ்பிரஸ். ஜெறோம் ஒவ்வொரு தடவையும் முதலில் ஆமென் சொல்லிவிட்டு, அப்பா வந்து சேரும்வரை காத்திருந்தான்.

முடிந்ததும் அவன் கையை நீட்டினான். ஐறீன் பெட்டியைத் திறந்தாள். ஒரேயொரு லெமன் பஃப்தான் மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தாள்.

பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. அப்பாவின் கை.

ஜெறோம் பிஸ்கட்டைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"நாளைக்கும் வருவீங்களோ?"

"ஓம்."

"அடுத்த நாளும்?"

"ஓம்."

"அப்ப சரி," என்று சொல்லி, அவன் பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான்.